வாட்ச் சர்வீஸுக்கு டாப்-அப் கடன் எடுக்கலாமா?

கேள்வி: இரண்டு வருடத்தில் மூன்று செகண்ட் ஹேண்ட் சுவிஸ் வாட்ச் வாங்கிவிட்டேன். முதல் வாட்சுக்கு 30 சதவீதம் கையிலிருந்து போட்டேன், மீதி கடன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் பழையதை டீலரிடமே கொடுத்து, கடன் பாக்கியை அடைத்து, அதைவிடப் பெரிய கடன் போட்டு அடுத்ததை எடுத்தேன். முதல் வாட்சை எட்டு மாதம், இரண்டாவதைப் பத்து மாதம் வைத்திருந்தேன், மூன்றாவது வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இரண்டாவதன் விலை முதலாவதைப் போல் 1.4 மடங்கு, மூன்றாவது இரண்டு மடங்கு. வட்டி 14 சதவீதம், மூன்று வருடத் தவணை. திருப்பி எடுக்கும்போது டீலர் 20 சதவீதம் குறைத்துக்கொள்வார். அவர் என் மச்சானுக்கு நெருக்கமானவர். இப்போது கையில் இருக்கும் வாட்ச் தினமும் அரை நிமிடம் பின்தங்குகிறது. சர்வீஸ் ஆனது என்று சொல்லித்தான் விற்றார்கள், பில் தரவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு கேட்கிறார்கள். டாப்-அப் கடன் (இருக்கும் கடனுக்கு மேல் கூடுதல் கடன்) எடுத்து சர்வீஸ் செய்துவிட்டால் நல்ல விலைக்குப் போகும், இன்னும் பெரியதாக ஒன்று எடுக்கலாம் என்கிறார் மச்சான். செய்யலாமா? கம்பெனியில் கொடுப்பதா, வெளியே கொடுப்பதா?

பதில்: டாப்-அப் கடன் வேண்டாம். சர்வீஸ் எங்கே செய்வது என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன், ஏனென்றால் உங்கள் பணம் போவது சர்வீஸில் இல்லை.

முதல் வாட்சின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு நீங்கள் கொடுத்த விவரங்களைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 30 கையிலிருந்து, 70 கடன். எட்டு மாதம் தவணை கட்டினீர்கள், அது 19. விற்றபோது வந்தது 80, அதில் கடன் பாக்கி 57-ம் முன்கூட்டி அடைக்கும் கட்டணமும் போக 21 மிஞ்சியது. இரண்டாவது வாட்ச் 140, அந்த 21 போக மீதி முழுக்கக் கடன். பத்து மாதத் தவணை 41. விற்ற விலை 112, அடைத்தது போக மிஞ்சியது 17 அல்லது 18. மூன்றாவது 200, கடன் 182. ஆறு மாதத் தவணை 37. இன்றைக்கு அதே டீலரிடம் கொடுத்தால் 160 வரும், கடன் பாக்கி 157, கட்டணம் 3.

அதாவது இரண்டு வருடத்தில் உங்கள் கையிலிருந்து போனது 127. இன்று விற்றால் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. அந்த 127-ல் வட்டி ஏறக்குறைய 31, கட்டணங்கள் 8, மீதி 88-ம் டீலரின் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவதை இன்னும் விற்கவில்லை, அதனால் அதில் 40 இன்னும் போகவில்லை என்று நினைப்பீர்கள், ஆனால் மச்சான் சொல்வதைக் கேட்டால் அதுவும் போய்விடும். வட்டியைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். இங்கே வட்டியைவிட மூன்று மடங்கு தின்றது, வருடம் முடிவதற்குள் மாற்றிக்கொண்டே இருக்கும் இந்தப் பழக்கம்.

இப்போது சர்வீஸுக்கு இன்னொரு 20 கடன் வாங்கினால் பாக்கி 177 ஆகிவிடும். சர்வீஸ் ஆன வாட்ச் என்பதற்காக டீலர் 20 கூடுதலாகத் தரமாட்டார். தன்னிடம் வேலை செய்யும் ஆளை வைத்து அதைவிடக் குறைவாக முடித்துக்கொள்வார் என்பதால் அந்தக் குறைந்த செலவைத்தான் விலையில் கணக்குப் பார்ப்பார். விற்பதற்காக சர்வீஸ் செய்வது பெரும்பாலும் நஷ்டம், வைத்துக் கட்டிக்கொள்வதற்காகச் செய்தால்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம்.

சரி, என்ன செய்யலாம்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதை அப்படியே விற்றுக் கடனை மூடிவிடுவேன். அதே டீலரிடம் மட்டும் கேட்காதீர்கள், கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பவர்கள் உட்பட மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள். 160-க்கு மேல் எது வந்தாலும் அது உங்களுக்கு லாபம். பெட்டி, வாரண்டி அட்டை, இருக்கிற எல்லாக் காகிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள், நேரம் பின்தங்குவதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லை, இந்த வாட்ச் மேல் உண்மையாகவே ஆசை இருக்கிறது, மீதி இரண்டரை வருடம் தவணையைச் சிரமமில்லாமல் கட்ட முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்போது கடன் தீரும்வரை மாற்றும் பேச்சே எடுக்கக் கூடாது, சர்வீஸ் செலவு சம்பளத்தில் சேர்த்த பணத்திலிருந்துதான் வர வேண்டும். அதைச் சேர்க்கும்வரை வாட்சைக் கட்டாமல் வையுங்கள். எண்ணெய் காய்ந்த பிறகு ஓட்டினால் உள்ளே உலோகத்தோடு உலோகம் உராய்ந்து சின்னச் சின்ன பாகங்கள் தேயும், அப்புறம் வெறும் சுத்தம் செய்து எண்ணெய் போடுகிற பில், பாகம் மாற்றுகிற பில்லாகிவிடும். தண்ணீர் படவே கூடாது, ரப்பர் சீல் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

சர்வீஸ் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன் நல்ல வாட்ச் மெக்கானிக் ஒருவரிடம் டைம்கிராஃபர் என்ற, வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். திரையில் ஒரு நாளைக்கு எத்தனை வினாடி முன்பின் என்பதோடு ஆம்பிளிட்யூட் என்று ஒரு எண் டிகிரியில் வரும், உள்ளே இருக்கும் பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதுதான் அது. முழுச் சாவி கொடுத்த ஆரோக்கியமான வாட்சில் அது பொதுவாக 270-க்கு மேல் நிற்கும், 200 பக்கம் இறங்கியிருந்தால் சர்வீஸ் ஆனது என்று உங்களிடம் சொன்னதை நம்ப முடியாது. சர்வீஸ் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்றால், ரோலெக்ஸ் சுமார் 10 வருடம் என்கிறது, ஓமேகா 5 முதல் 8 வருடம் என்கிறது. ஆறு மாதத்துக்கு முன் ஒழுங்காக சர்வீஸ் ஆன வாட்ச் பொதுவாக இப்படி அரை நிமிடம் பின்தங்காது. அந்த ரீடிங்கைப் படம் எடுத்துக்கொண்டு டீலரிடம் போங்கள். செலவில் ஒரு பங்கையாவது அவர் ஏற்க வேண்டும் என்று நேராகவே கேளுங்கள், மச்சான் வழியாக வேண்டாம்.

கம்பெனியா, வெளியேயா என்றால், பாகம் கிடைக்கிற, அந்த மாடலில் பழகிய ஆள் வெளியே இருந்தால் குறைந்த செலவில் முடியும், ஆனால் பல பிராண்டுகள் வெளியாருக்குப் பாகம் தருவதில்லை. கம்பெனியில் கொடுத்தால் செய்த வேலைக்கு கேரண்டி உண்டு, ரோலெக்ஸில் அது இரண்டு வருடம். அதே சமயம் கம்பெனி அல்லாத பாகம் ஏதாவது உள்ளே இருந்தால் அதை மாற்றினால்தான் எடுப்போம் என்பார்கள், எஸ்டிமேட் வீங்குவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் ஒவ்வொரு வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பாலிஷ் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள், கேஸின் (வாட்சின் வெளிக்கூட்டின்) கூரான ஓரங்கள் மழுங்கினால் விலை இறங்கும். பழைய மாடலாக இருந்தால் டயலையும் முள்ளையும் மாற்றக் கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

வாட்ச் ஒரு முதலீடு என்று மச்சான் சொல்லியிருப்பார். படேக் ஃபிலிப் என்ற சுவிஸ் கம்பெனி நாட்டிலஸ் 5711 என்ற மாடலை 2021-ல் நிறுத்துகிறார்கள் என்றதும் அதன் செகண்ட் ஹேண்ட் விலை கடை விலையைப் போல் பல மடங்கு ஏறியது, 2022 தொடக்கத்தில் உச்சம், அதன் பிறகு நன்றாக இறங்கியது. அந்த உச்சத்தில் கடன் போட்டு வாங்கியவருக்கு விலை இறங்கினாலும் தவணை இறங்கவில்லை. ஒரே வாட்சைப் பல பேருக்குப் பங்கு பிரித்து விற்கும் திட்டங்களும் இப்போது வருகின்றன, அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். உங்கள் பங்கை நாளைக்கு யாரிடம், என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், தெளிவான பதில் வராது.

மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு தடவை நீங்கள் மாற்றும்போதும் டீலரிடமிருந்து அவருக்கு ஏதாவது வருகிறதா? கோபமாகக் கேட்க வேண்டாம், உறவு முக்கியம்தான். இல்லை என்றே சொன்னாலும் மேலே உள்ள 127 கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். பெரிய வாட்ச் பேச்சு மறுபடி வந்தால் கடன் முடியட்டும், முழுப் பணத்தோடும் சர்வீஸுக்குத் தனியாக எடுத்து வைத்த பணத்தோடும் நானே வருகிறேன் என்று சொல்லுங்கள். டாப்-அப் விண்ணப்பம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்த வாரமே எழுதிக் கொடுத்து ரத்து செய்துவிடுங்கள், பணம் கணக்கில் ஏறிவிட்டால் திருப்பிக் கட்ட மறுபடியும் கட்டணம் கேட்கலாம்.