தேய்மானத்துக்கும் ஒரு காரணம் வேண்டும்
பழைய விளக்குகள், கடிகாரங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சுவரில் மாட்டும் பெண்டுலம் கடிகாரம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஜெர்மன் தயாரிப்பு என்றும், 120 ஆண்டுப் பழமை உடையது என்றும் விற்பவர் சொல்கிறார். முகப்பில் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் தெளிவாக இருக்கிறது. அதை நம்பி வாங்கலாமா?

பதில்: முகப்பில் உள்ள பெயரைக் கடைசியாகப் பாருங்கள். கடிகாரத்தில் மிக எளிதாக மாற்றிவிடக்கூடிய பாகம் முகப்புத்தான்; அதில் ஒரு பெயரை அச்சிடுவது ஒரு பொழுதுக்குள் முடிகிற வேலை. இயந்திரத்தின் பின்தகட்டில் அழுத்திப் பதித்த முத்திரையைப் போலியாக உருவாக்க யாரும் அவ்வளவு எளிதில் மெனக்கெடுவதில்லை. எனவே பெண்டுலத்தைக் கழற்றி, இயந்திரத்தையும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துக் காட்டும்படி கேளுங்கள். விற்பவர் அதற்குத் தயங்கினால், பாதி பதில் அப்போதே கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

பின்தகட்டில் என்ன இருக்கும்? 1861-இல் தொடங்கப்பட்ட யுங்ஹான்ஸ் நிறுவனம், 1890 முதல் எட்டுமுனை நட்சத்திரத்துக்குள் ஜே என்ற எழுத்தைத் தன் முத்திரையாகப் பயன்படுத்தியது. இன்று போலந்தில் இருக்கும் ஊரில் 1847-இல் தொழில் தொடங்கிய குஸ்தாவ் பெக்கர், தன் இயந்திரங்களுக்கு வரிசை எண் இட்டுவந்தார். சேகரிப்பாளர்கள் கையாளும் அட்டவணையின்படி அந்த எண் 1892-ஐ ஒட்டிப் பத்து லட்சத்தைத் தொட்டது. ஆகவே அவருடைய கடிகாரம் என்றால், எண்ணைப் பார்த்தே ஆண்டை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற சொற்கள் இருந்தால் அதுவும் ஒரு தடயமே. வெளிநாட்டுச் சரக்கு உள்நாட்டுச் சரக்காக வேடமிடுவதைத் தடுக்க பிரிட்டன் 1887-இல் ஒரு சட்டம் இயற்றியது. இறக்குமதியாகும் பொருளில் அது உருவான நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் செய்து மறு ஆண்டு நடைமுறைப்படுத்தியது. இந்த இரண்டுக்கும் பிறகுதான் ஏற்றுமதிக் கடிகாரங்களில் ஆங்கிலத்தில் நாட்டின் பெயரைப் பொறிப்பது பரவலாயிற்று. அந்தச் சொற்கள் உள்ள கடிகாரத்தை ‘1860-இல் செய்தது’ என்று ஒருவர் விற்க வந்தால் புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள்.

முத்திரை உண்மையானது என்று உறுதியானால் மட்டும் போதாது. இயந்திரம் ஒரு கடிகாரத்திலிருந்தும் பெட்டி இன்னொரு கடிகாரத்திலிருந்தும் வந்து சேர்ந்த ஒட்டு கடிகாரங்கள் சந்தையில் ஏராளம். அவற்றைக் காட்டிக்கொடுப்பவை துளைகள்தான். இயந்திரத்தைத் தாங்கும் பலகையில் இப்போது ஸ்க்ரூ இருக்கும் துளைகளைத் தவிர, பயனில்லாத வேறு துளைகளும் இருக்கின்றனவா? சாவி நுழையும் அச்சுகள் முகப்பின் துளைகளுக்கு நட்ட நடுவில் இருக்கின்றனவா, ஓரம் சாய்ந்திருக்கின்றனவா? பெட்டிக்குள் பல்லாண்டு ஒரே இடத்தில் இருந்த இயந்திரத்தைச் சுற்றி மரம் நிறம் மாறியிருக்கும். அந்த நிழலின் வடிவமும் இயந்திரத்தின் வடிவமும் பொருந்துகின்றனவா? நான் முதன்முதலில் வாங்கிய கடிகாரத்தில் இந்த மூன்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. பெண்டுலம் ஆடும்போதெல்லாம் பெட்டியின் இடப்பக்கச் சுவரை மெல்ல உரசிச் சென்றது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பெட்டி அதைவிட நீளமும் அகலமும் குறைந்த வேறொரு இயந்திரத்துக்காகச் செய்யப்பட்டது.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நம்புவது தேய்மானத்தைத்தான். தேய்மானத்துக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். எட்டு நாள் ஓடும் கடிகாரத்துக்கு வாரம் ஒருமுறை சாவி கொடுத்திருந்தால், நூறு ஆண்டில் சாவி ஏறத்தாழ 5,200 முறை அந்தத் துளையைத் தேடி வந்திருக்கும். இருட்டிலும் அவசரத்திலும் குறிதவறிய சாவி, துளையைச் சுற்றிச் சிறு கீறல்களைப் பதித்திருக்கும். சதுர அச்சின் முனைகள் மழுங்கியிருக்கும். கதவின் கொக்கி படும் இடத்தில் மரம் பிறை வடிவில் குழிந்திருக்கும். பழையதுபோலக் காட்டச் செய்த கடிகாரத்தில் இதற்கு நேர்மாறாக, யாருடைய கையும் படாத உச்சிச் சிற்பம் தேய்ந்திருக்கும், வாரந்தோறும் கை படவேண்டிய கதவோரம் புத்தம்புதிதாக இருக்கும்.

தலையில் கூட்டல் குறிபோலப் பள்ளம் உள்ள ஸ்க்ரூ 1930-களில்தான் தொழிற்சாலைகளுக்கு வந்தது. அது இயந்திரத்தில் இருந்தால், பழுதுபார்த்தவர் மாற்றியதா, தொடக்கத்திலிருந்தே இருந்ததா என்று கேளுங்கள். பின்பலகை மரத்தூளை அழுத்திச் செய்ததாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை, அது பிற்காலத்துப் பலகைதான்.

கேள்வி: விற்பவர் வீட்டில் நன்றாக ஓடிய கடிகாரம் என் வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. காதைக் கடிகாரத்தின் அருகே வைத்துக் கேளுங்கள். டிக், டாக், டிக், டாக் என்று இடைவெளி சமமாக இருந்தால் கடிகாரம் ஓடும். நொண்டி நடப்பதுபோல ‘டிக்டாக்... டிக்டாக்’ என்று கேட்டால் சற்று நேரத்தில் நின்றுவிடும். இதற்குப் பெரும்பாலும் பழுது காரணமாக இருப்பதில்லை. உங்கள் சுவருக்கும் அவர்கள் சுவருக்கும் உள்ள சிறு சாய்மான வித்தியாசத்தால் பெண்டுலத்தின் இரு வீச்சுகளும் சமமாக உந்தப்படாமல் போவதே காரணம். கடிகாரத்தின் அடிப்பகுதியை இடமாகவோ வலமாகவோ மிகச் சிறிதளவு நகர்த்தி, சத்தம் சமமாகும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது பெட்டி கண்ணுக்குச் சாய்ந்து தெரிந்தால், பெண்டுலத்தைத் தள்ளும் மெல்லிய கம்பியை வளைத்துச் சரிசெய்ய வேண்டும். அதை ஒரு கடிகாரப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவது நல்லது. பெண்டுலத்தைக் கழற்றாமல் வண்டியில் ஏற்றி வந்திருந்தால், அது தொங்கும் மெல்லிய எஃகுப் பட்டையும் மடிந்திருக்கக்கூடும்.

நேரம் முந்தினால் பெண்டுலத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் குண்டைக் கீழே இறக்குங்கள். பிந்தினால் மேலே ஏற்றுங்கள். பெண்டுலத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் நீளம். எடைக்கு அதில் பங்கில்லை. ஏறத்தாழ 99.4 சென்டிமீட்டர் நீளமுள்ள பெண்டுலம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு வினாடி ஆகும் என்பதால்தான், நின்ற நிலையில் இருக்கும் பெரிய கடிகாரங்கள் அவ்வளவு உயரமாக இருக்கின்றன.

இன்னொன்று. மணி அடிக்கும் கடிகாரத்தின் முள்ளைப் பின்னோக்கித் திருப்பாதீர்கள். பழைய முறை இயந்திரங்களில், அடிக்கும் எண்ணிக்கையை முள் தீர்மானிப்பதில்லை, தனியாகச் சுழலும் ஒரு சக்கரமே தீர்மானிக்கிறது. முள் ஐந்தில் இருக்க மணி எட்டு அடிப்பதைப் பார்த்துக் கடிகாரம் கெட்டுவிட்டது என்று அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டவர்கள் உண்டு. பெரும்பாலான கடிகாரங்களில் சின்ன முள்ளை மட்டும் எட்டுக்கு நகர்த்திவிட்டு, பிறகு பெரிய முள்ளை முன்னோக்கிச் சுற்றிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

கேள்வி: பித்தளை மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று பார்த்தேன். அதன் மீது ஒரு காப்புரிமை ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதுதான் விளக்கின் வயதா? முழுப் பித்தளைதானா என்று எப்படி அறிவது?

பதில்: காப்புரிமை ஆண்டு, விளக்கு அதற்கு முன் செய்யப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. டீட்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் அரிக்கேன் விளக்குகளில் பழைய காப்புரிமை ஆண்டுகளைப் பல காலம் தொடர்ந்து பொறித்துவந்தன. ஒரே விளக்கில் மூன்று, நான்கு ஆண்டுகள் இருந்தால், கடைசி ஆண்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அதற்குப் பிந்தையது என்று கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் எரிக்கும் விளக்குகள் பரவியதே 1850-களுக்குப் பிறகு என்பதால், அதற்கு முந்தையது என்று சொல்லி யாரும் பர்னர் வைத்த மண்ணெண்ணெய் விளக்கை விற்கமுடியாது. அலாதீன் என்ற வணிகப்பெயரில் வந்த விளக்குகளில் திரியை ஏற்றி இறக்கும் குமிழில் மாதிரி எண்ணோ பெயரோ இருக்கும். வயதை அறிய அதுவே நேர்வழி. ஆனால் அந்தக் குமிழ் உள்ள பர்னர் திருகிப் பொருத்தப்படும் பாகம் என்பதால் அது மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம்.

பித்தளையா என்று அறியக் காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். உடலில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஒட்டாவிட்டால் மட்டும் பித்தளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியதிலும் காந்தம் ஒட்டாது. அடிப்பக்கத்தில் மெருகிடாத ஓர் ஓரத்தையோ, திருகுமறையின் உட்புறத்தையோ பாருங்கள்: சாம்பல் நிறம் தெரிந்தால் அது துத்தநாகம். அதே சமயம், கவிழாமல் நிற்பதற்காக அடியில் இரும்பு எடை வைத்த நல்ல பித்தளை விளக்குகளும் உண்டு. அடியில் மட்டும் காந்தம் ஒட்டியதற்காக ஒரு விளக்கைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை, காலம் கறுப்பாக்கிய பித்தளை ஒரே சீராகக் கறுத்திருக்காது. கை படும் குமிழும் பிடியும் வெளுத்து வழவழப்பாக இருக்கும், இடுக்குகளில் கறுப்பு ஆழமாக ஏறியிருக்கும், இரண்டுக்கும் இடையே நிறம் படிப்படியாக மாறும். இரசாயனத்தால் கறுப்பாக்கியதில் அந்தப் படிநிலை இருப்பதில்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் நிறம் ஒட்டுவதும் உண்டு. பிறகு விளக்கைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். பல ஆண்டுகள் மேசைமீது நகர்த்தி நகர்த்தி வைக்கப்பட்ட விளக்கின் அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். ஒரே திசையில் இணைகோடுகளாக இருந்தால் அவற்றைப் போட்டது உப்புத்தாள்.

கேள்வி: வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பற்றவைத்துச் செய்த குடை விளக்கு, ‘டிஃபனி’ முத்திரையோடு கிடைக்கிறது. அசலாக இருக்க வாய்ப்புண்டா?

பதில்: மிகக் குறைவு. இத்தகைய விளக்குகளால் புகழ்பெற்ற அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் லூயி கம்ஃபர்ட் டிஃபனியின் நிறுவனம் 1930-களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டது. அதன் பிறகு அந்தப் பெயர் ஒரு பாணியின் பெயராகவே புழங்குகிறது. உலோக முத்திரையைப் போலியாகச் செய்வது எளிது என்பதால் முத்திரையை ஆதாரமாகக் கொள்ளவேண்டாம். கண்ணாடியை விரல் நுனியால் இலேசாகத் தட்டுங்கள். பழைய குடைகளில் துண்டுகள் காலப்போக்கில் சற்றுத் தளர்ந்து மெல்லிய சலசலப்புக் கேட்கும்; புதியவற்றில் அது அநேகமாக இருக்காது. இதுவும் ஓர் அறிகுறி மட்டுமே. அசலுக்கான விலை கேட்டால், எழுத்து வடிவில் உத்தரவாதம் தரும் ஏலநிறுவனத்திடம் மட்டுமே வாங்குங்கள். பழையதுபோல இருக்கும் அழகான விளக்கு என்று நினைத்து அதற்குரிய விலையில் வாங்கினால் குற்றமில்லை. எதுவானாலும் பற்றவைப்பில் ஈயம் இருக்கும். துடைத்தபின் கையைக் கழுவுங்கள்.

கேள்வி: இருட்டில் ஒளிரும் எண்கள் கொண்ட பழைய அலாரம் கடிகாரம் வாங்கினேன். இப்போது ஒளிர்வதில்லை. எண்களைச் சுரண்டிவிட்டுப் புதிய ஒளிர்வண்ணம் பூசலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். 1910-களிலிருந்து 1960-கள் வரை இத்தகைய முகப்புகளில் கதிரியக்கமுள்ள ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டது. ஒளிராமல் போனதற்குக் காரணம் அதிலுள்ள ஒளிரும் பொருள் சிதைந்ததுதான். ரேடியம் அப்படியே இருக்கிறது. அதன் அரையாயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் என்பதால், உங்கள் கடிகாரத்தைப் பொறுத்தவரை அது நேற்றுப் பூசியதற்குச் சமம். கண்ணாடி உடையாமல், மூடியைத் திறக்காமல் அலமாரியில் வைத்திருங்கள், தலைமாட்டில் வேண்டாம். சுரண்டும்போது எழும் தூள் மூச்சில் போவதே பெரிய ஆபத்து. பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வரும் பழைய வலைத்திரிகளிலும் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. அவை உதிர்ந்திருந்தால் ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: பழைய எண்ணெய் விளக்கை மின்விளக்காக மாற்றினால் மதிப்புக் குறையுமா?

பதில்: எண்ணெய்க் கலத்தில் ஒயருக்காகத் துளையிட்டால் குறையும், அதைத் திரும்ப அடைக்கமுடியாது. பர்னரின் மறையில் அப்படியே திருகிப் பொருத்தும் மின்பிடிகள் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திவிட்டு அசல் பர்னரைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். ஏற்கெனவே மின்விளக்காக இருக்கும் பழைய விளக்கில், துணி சுற்றிய ஒயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றியே தீரவேண்டும். உள்ளிருக்கும் ரப்பர் பொடிந்து, உலோக உடலுக்கே மின்சாரம் பாயும்.

கேள்வி: என் கடிகாரத்தில் ரோமன் எண் நான்கு தவறாக, நான்கு நேர்கோடுகளாக இருக்கிறது. போலியா?

பதில்: அது தவறில்லை. கடிகார முகப்புகளில் நான்கை நான்கு கோடுகளாக எழுதுவதுதான் நெடுநாள் வழக்கம். ஐந்துக்கு முன் ஒரு கோடு போடும் லண்டன் பிக் பென் போன்ற கடிகாரங்கள் விதிவிலக்கு.