புழு மருந்து கொடுத்தும் ஆட்டுக்குத் தாடை வீங்குகிறதே?

கேள்வி: என்னிடம் 14 வெள்ளாடுகள். கண்மாய்க் கரையில்தான் மேய்ச்சல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தலைக்கு 5 மில்லி அல்பெண்டசோல் ஊற்றிவிடுவேன். போன மாதமும் கொடுத்தேன். ஆனாலும் நான்கு ஆடுகள் மெலிந்து, தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்குகிறது. மருந்தை மாற்றலாமா?

பதில்: முதலில் அந்த நான்கு ஆடுகளின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள் அம்மா. உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். காகிதம் போல வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியிருந்தால் இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், மேய்ச்சலுக்கு நடத்தாதீர்கள்.

பெரும்பாலும் இது ஹீமான்கஸ் என்ற ரத்தம் உறிஞ்சும் புழுவின் வேலை. இறந்த ஆட்டின் நாலாவது வயிற்றைத் திறந்தால், சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்போல நெளியும். ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி போய்விடும்.

நீங்கள் கொடுத்த அளவுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. வெள்ளாட்டுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வேண்டும். கடையில் பரவலாகக் கிடைக்கும் 2.5 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் இருக்கும். அப்படியானால் 25 கிலோ ஆட்டுக்கு 10 மில்லி. உங்கள் 5 மில்லி ஒரு குட்டிக்குத்தான் காணும். அரைகுறை அளவில் பிழைத்த புழுக்கள்தான் முட்டையிட்டுப் பெருகும், அப்புறம் முழு அளவு கொடுத்தாலும் அந்த மருந்து கேட்காது. அதனால் பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல், ஆட்டைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மருந்தை மாற்றுவதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கண்மாய்க் கரை என்றால் நத்தை மூலம் பரவும் ஈரல் தட்டைப்புழுவாகவும் இருக்கலாம், அதற்கும் தாடை வீங்கும். அதற்கு வேறு மருந்து தேவைப்படலாம். புதுச் சாணத்தைச் சின்ன டப்பாவில் எடுத்து, அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முட்டையைப் பார்த்து எந்தப் புழு என்று சொல்வார்கள். மருந்து கொடுத்து 14 நாள் கழித்து மறுபடி ஒரு பரிசோதனை செய்தால், மருந்து கேட்டதா என்பது தெரிந்துவிடும்.

சினை பிடித்த முதல் ஒன்றரை மாதத்துக்கு அல்பெண்டசோல் வேண்டவே வேண்டாம், குட்டிக்கு ஊனம் வரலாம். ஊற்றும்போது தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். கடைவாய் ஓரமாக மெதுவாக விடுங்கள். காலையில் பனி காயும்வரை பட்டியிலேயே நிற்கட்டும், ஈரப் புல்லின் நுனிக்குத்தான் புழுக்குஞ்சுகள் ஏறி உட்கார்ந்திருக்கும்.