மௌனமான மரபணுக்கள்: கேள்வி-பதில்

கே: மெத்திலேற்றம் (மெத்தில் எனும் சிறு வேதிக்குழு ஒட்டுவது) கூடினால் மரபணு அடங்குமா, எழுமா?

ப: எதில் ஏறிய மெத்தில்? அதைச் சொல்லாமல் கேட்டால் எப்படி? டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதம் எச்3-இன் 27-ஆவது லைசினில் (எச்3கே27) மூன்று ஏறினால் அடங்கும். எச்3கே4-இல் மூன்று என்றால் பெரும்பாலும் இயங்கும் மரபணு. டி.என்.ஏ.வில், மரபணுவைத் தொடக்கிவிடும் ப்ரொமோட்டரின் சிபிஜி தீவில் (சி-யும் ஜி-யும் அடுத்தடுத்து மலிந்த இடம்) ஏறினால் அடக்கம். மரபணுவின் உடல்பகுதியில் ஏறியிருப்பதோ, நன்றாக இயங்கும் மரபணுக்களில் சகஜம்.

கே: மெத்திலற்ற சைட்டோசினை மட்டும் யுரேசிலாக மாற்றும் பைசல்ஃபைட்டுக்குப் பிறகு பிசிஆரில் பட்டையே வரவில்லை.

ப: பிழைதிருத்தும் பாலிமரேஸ் (டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி) போட்டிருப்பீர்கள். அவற்றில் பல, யுரேசிலைக் கண்டதும் நின்றுவிடும். யுரேசிலைத் தாங்கும் டாக் வகைக்கு மாறுங்கள். துண்டு 300 பேஸுக்குள், பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழை) 25–30 பேஸ், அதற்குள் சிபிஜி கூடாது.

கே: எங்களுக்குப் பட்டை வந்தது, ஆனால் எல்லா சைட்டோசினும் மெத்திலேறியதாகக் காட்டுகிறது.

ப: மாற்றம் முழுமையாகவில்லை. மெத்திலற்ற லாம்டா (ஒரு பாக்டீரியா வைரஸ்) டி.என்.ஏ.வைக் கண்ட்ரோலாகக் கலந்து, 99 விழுக்காடு மாறியதா பாருங்கள்.

கே: மெத்திலைக் குறைக்கும் மருந்தான டெசிடபைன் 10 மைக்ரோமோலார், 24 மணி நேரம். பாதி செல்கள் இறந்தன. எங்கள் மரபணு எழுந்தது. அதை அடக்கியது மெத்திலேற்றம்தானே?

ப: மாதாமாதம் வரும் கடிதம் இது! இந்த மருந்து, செல் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் எஸ் கட்டத்தில் டி.என்.ஏ.வுக்குள் நுழைந்து, புது இழையில் மெத்திலை மறுபடி ஏற்றும் டிஎன்எம்டி1 நொதியைச் சிக்கவைக்கிறது. நொதி தீரத் தீர, ஒவ்வொரு செல் பிரிவிலும் மெத்தில் நீர்த்துப்போகும். 24 மணி நேரத்தில் ஒரு பிரிவு நடந்தாலே பெரிது. 10 மைக்ரோமோலாரில் சிக்கிய நொதியே டி.என்.ஏ. சேதம்: நகலெடுப்பு தடைபடும், சேதத்தைக் கண்டு எழும் பி53 புரதம் கிளம்பும். உங்கள் மரபணுவை எழுப்பியது அதுவாகவும் இருக்கலாம். போதாததற்கு, நம் டி.என்.ஏ.விலேயே உறங்கும் உள்ளுறை ரெட்ரோவைரஸ்கள் விழித்து ஈரிழை ஆர்.என்.ஏ. உண்டாக்கினால் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் கூட்டமாக எழும்.

0.1–0.5 மைக்ரோமோலார் போதும். ஊடகத்தில் சிதையும் மருந்து, ஆகவே 3 நாளும் தினமும் புதிதாகக் கலந்து மாற்றுங்கள். பிறகு மருந்தின்றி இரண்டு மூன்று நாள் விட்டு அளவிடுங்கள். கண்ட்ரோலுக்குச் சைட்டராபைன்: அதுவும் டி.என்.ஏ.வில் புகும், ஆனால் டிஎன்எம்டி1-ஐச் சிக்கவைக்காது. அதிலும் மரபணு எழுந்தால், உங்கள் மெத்திலேற்றக் கதை முடிந்தது. ப்ரொமோட்டரை முன்னும் பின்னும் பைசல்ஃபைட்டில் பார்க்காமல் மட்டும் எழுதாதீர்கள்.

கே: புதிதாக மெத்தில் ஏற்றும் நொதியான டிஎன்எம்டி3பி பழுதானால் குரோமோசோம் ஏன் உடைகிறது?

ப: ஐசிஎஃப் எனும் பரம்பரை நோயெதிர்ப்புக் குறைபாட்டைக் கேட்கிறீர்கள். 1, 9, 16-ஆம் குரோமோசோம்களில் சென்ட்ரோமியரை (குரோமோசோமின் இடுப்புப் பகுதி) ஒட்டி, திரும்பத் திரும்ப வரும் சாட்டிலைட் தொடர்கள் மெத்திலிழந்து தளர்கின்றன; அங்கேதான் முறிவும், பல கைகள் ஒட்டிய குரோமோசோமும்.

கே: சிப் சோதனையில் (குறிப்பிட்ட புரதக் குறியோடு ஒட்டிய டி.என்.ஏ.வைப் பிரித்து அளப்பது) அடக்கும் குறியான எச்3கே9மீ3 குறைந்துவிட்டது. மகிழலாமா?

ப: மொத்த எச்3-ஆல் வகுத்தீர்களா? ஹிஸ்டோனில் டி.என்.ஏ. சுற்றிய உருண்டையான நியூக்ளியோசோமே குறைந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும்.