கோரம் கலைக்கும் பெப்டைடு

கேள்வி: பாக்டீரியாக்கள் தமக்குள் பேசிக்கொள்கின்றன என்றும், அந்தப் பேச்சைக் குலைத்தாலே தொற்று அடங்கிவிடும் என்றும் ஒரு சொற்பொழிவில் கேட்டேன். கிருமியைக் கொல்லாமல் நோயை எப்படி அடக்க முடியும்?
– க. செ., பல்லடம்

பதில்: பேச்சு என்பது உவமைதான், நடப்பது தலை எண்ணிக்கை. கூட்டுறவுச் சங்கப் பேரவைக்குப் போதிய உறுப்பினர்கள் வராவிட்டால் ‘கோரம் இல்லை’ என்று தீர்மானம் ஏதுமின்றிக் கலைந்துவிடுகிறார்கள் அல்லவா? நுண்ணுயிரியலாளர்களும் 1994இல் இந்த நிகழ்வுக்கு அதே சொல்லைக் கொண்டுதான் ‘கோரம் சென்சிங்’ என்று பெயர் வைத்தார்கள்.

சீழ்க்கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணமான ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ மூவரில் ஒருவரின் மூக்கில் அது சாதுவாகக் குடியிருக்கிறது. அதன் ஒவ்வொரு செல்லும் 7 முதல் 9 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு சிறு பெப்டைடை, அதாவது புரதத் துணுக்கை, வெளியே கசியவிட்டபடி இருக்கிறது. அதன் கடைசி ஐந்து அமினோ அமிலங்கள் வளையமாக மூடிக்கொள்ள, மற்றவை வாலாக நீட்டிக்கொண்டிருக்கும். கூட்டம் பெருகப் பெருகச் சுற்றுப்புறத்தில் இந்தப் பெப்டைடின் அடர்த்தியும் கூடி, ஓர் அளவைத் தாண்டியதும் செல்லின் மேலுள்ள ஏற்பியில் பொருந்தி, நச்சுகளைச் சுரக்கும் கட்டளையைப் பிறப்பிக்கிறது. பத்துப் பேராக இருக்கும்போதே நச்சைக் கக்கினால் நம் வெள்ளணுக்கள் விழித்துக்கொண்டு விழுங்கிவிடும் என்பதால், ஆள் சேரும்வரை காத்திருப்பது கிருமிக்கு லாபம்.

இதைக் குலைக்கும் வழியைக் காட்டியதும் அதே கிருமிதான். இந்தப் பெப்டைடின் அமைப்பைப் பொறுத்து ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் நான்கு பிரிவுகளாகப் பிரிகிறது. ஒரு பிரிவின் பெப்டைடு வேறு பிரிவின் ஏற்பியில் அமர்ந்தால் பெரும்பாலும் கட்டளையைப் பிறப்பிப்பதற்குப் பதிலாக அதை முடக்கிவிடுகிறது என்று நியூயார்க்கில் ரிச்சர்ட் நோவிக்கின் குழு 1997இல் கண்டறிந்தது. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாத சாவி அது. துளையை அடைத்துக்கொண்டு நிற்பதால் சரியான சாவிக்கும் இடமில்லை.

பிறகு அத்தகைய சாவிகளை ஆய்வகத்திலேயே ராவிச் செய்யத் தொடங்கினார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹெலன் பிளாக்வெல்லின் குழு, ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட மூன்றாம் பிரிவுப் பெப்டைடில் நான்காவதாக உள்ள அஸ்பார்டிக் அமிலத்தை எடுத்துவிட்டு, மின்னேற்றமில்லாத சிறிய அலனைனை வைத்தது. அந்த ஒரே மாற்றத்தால், அது தன் சொந்தப் பிரிவு உட்பட நான்கு பிரிவுகளின் ஏற்பிகளையும் மிகமிகக் குறைந்த அளவு இருந்தாலே அடைத்துவிடும் பொருளாகிவிட்டது. ஏழில் ஒன்றை மாற்றியதற்கு இவ்வளவு பலன் கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

கேள்வி: அப்படியானால் ஆன்டிபயாடிக்குகளின் இடத்தை இது பிடிக்குமா?
– ஒரு செவிலியர், காரைக்குடி

பதில்: அவற்றுக்குத் துணையாகலாம், இடத்தைப் பிடிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சாகடிக்காத மருந்துக்கு எதிராகத் தப்பிப்பிழைக்கும் வகைகள் பெருகுவதற்கான நெருக்கடி குறைவு என்பது இதன் உண்மையான பலம். ஆனால் எலிகளின் தோலில் செய்த சோதனைகளில், கிருமியைச் செலுத்தும் நேரத்திலேயே தடுக்கும் பெப்டைடையும் கொடுத்தபோதுதான் கட்டி சிறுத்தது. நம் நோயாளியோ கட்டி பழுத்து, வலி தாங்காமல் மூன்றாம் நாள் அல்லவா வருகிறார்! தவிர, இந்தப் பெப்டைடின் வளையத்தை மூடும் கந்தகப் பிணைப்பு நீரில் எளிதில் உடைந்துபோவதால், அங்கே உறுதியான அமைடு பிணைப்பை வைத்துப் பார்க்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் பெரியது. ஸ்டெஃபைலோகாக்கஸில் இந்தப் பெப்டைடுச் சமிக்ஞையை அணைத்தால் நச்சு குறையும். ஆனால் செல்கள் உதிர்ந்து பரவாமல் ஒட்டிக்கொண்டு, கெட்டியான உயிர்ப்படலமாகப் படியலாம். செயற்கை மூட்டிலோ, உடலுக்குள் செருகும் குழாயான கதீட்டரிலோ படலம் கட்டிய தொற்றுக்கு இது விபரீதமாகக்கூட முடியும்.

நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸில் கணக்கு வேறு. அதன் சமிக்ஞைப் பெப்டைடு 17 அமினோ அமிலங்கள் கொண்டது. அதில் முதலாவதான குளூட்டமிக் அமிலத்தை அலனைனாக மாற்றினாலே தடுப்பானாகிறது. இந்தக் கிருமி, சமிக்ஞை கிடைத்ததும் சுற்றிக் கிடக்கும் அந்நிய டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும். மருந்தெதிர்ப்பு மரபணுக்களும் அப்படித்தான் கைமாறுகின்றன. எனவே மாற்றிய பெப்டைடு அங்கே நோயின் வீரியத்தோடு அந்தக் கைமாற்றத்தையும் சேர்த்தே தடுப்பதை, இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள்.