பெயர் வராத சிம்கள்

அன்புள்ள சார்,

கோவையில் ஒன்பது வருடமாக மின்கட்டண பில் தணிக்கை செய்கிறேன். நூற்பாலைகளும் ஃபவுண்டரிகளும்தான் வாடிக்கையாளர்கள். மிச்சம் பிடித்துத் தருவதில் ஒரு பங்கு என் கூலி. இப்போது போன், இன்டர்நெட் பில்லையும் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு டெலிகாம் டீலர் வேறு, இணைப்பை அவரிடம் மாற்றிவிட்டால் கமிஷன் உண்டு என்கிறார். இறங்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

இறங்கலாம். கரண்ட் பில் பார்த்துப் பழகிய கண்ணைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு இறங்குங்கள்.

மின்சாரத்துக்கு விலை ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணையிலேயே இருக்கிறது. டிமாண்ட் சார்ஜ், பவர் ஃபாக்டர் என்று வரிவரியாக ஒப்பிட்டால் தப்பு அகப்பட்டுவிடும். தொலைத்தொடர்பில் பெரும்பாலான கட்டணங்களை அந்தத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. அடுத்தடுத்த இரண்டு மில்களில் ஒரே வேக இன்டர்நெட்டுக்கு இரண்டு விலை இருக்கும். இரண்டுமே சரியான பில்தான்.

அங்கே பணம் ஒழுகுவது ஆளில்லாத இணைப்புகளில். ஈரோட்டுப் பக்கம் நண்பரின் கம்பெனியில் ஒருநாள் அறுபது சொச்சம் நம்பர்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கணக்கர் பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் எழுதினார். பதினொன்றுக்குப் பெயரே வரவில்லை. அதில் ஒன்றில் மாதக்கணக்காக ஒரு கால்கூட இல்லை. வெட்டுங்கள் என்றேன். சம்பளம் போடும் நாளில்தான் தெரிந்தது, பேங்க் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும், சிம் கேஷியர் அலமாரியில் ஒரு பட்டன் போனுக்குள் கிடக்கிறது என்று. உள்ளே வரும் எஸ்எம்எஸ் பில்லில் ஏறாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வெட்டிய நம்பர் 90 நாளுக்குப் பிறகு வேறு யாருக்காவது போய்விடலாம் என்பதால், அன்றைக்குப் பட்ட பதற்றம் கொஞ்சமல்ல. ஜெனரேட்டர், லாரி ஜிபிஎஸ் இவற்றுக்குள்ளும் சிம் இருக்கும். போய்ப் பார்க்காமல் எதையும் வெட்டாதீர்கள்.

அப்புறம் ஜிஎஸ்டி. பில்லில் கட்டணத்தின் மேல் ஏறும் 18 சதவீதம் அதுதான். லீஸ்டு லைனுக்கு, அதாவது கம்பெனிக்கென்றே தனியாக வாடகைக்கு எடுக்கும் லைனுக்கு, அது எங்கே பொருத்தப்பட்டிருக்கிறதோ அந்த இடம்தான் கணக்கு. பெங்களூரு கிளையின் லைனுக்குக் கர்நாடக வரி போட்டு வந்தால், தமிழ்நாட்டு ஜிஎஸ்டி பதிவில் அதற்கு வரவு எடுக்க, அதாவது கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ள, முடியாது. இதைக் கவனிக்காத கம்பெனிகள் நிறைய.

கூலி விஷயத்தில் பங்குக் கணக்கு வேண்டாம். ஒரு தடவை களையெடுத்துவிட்டால் அடுத்த மாதம் மிச்சம் பிடிக்க என்ன இருக்கும்? இத்தனை இணைப்புக்கு மாதம் இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். புது ஆளுக்கு சிம் கொடுப்பது, போனவரிடம் திரும்ப வாங்குவது எல்லாம் உங்கள் பதிவேட்டில் ஏறட்டும்.

டீலர் கமிஷன் கூடவே கூடாது. பழைய பில்லில் நீங்கள் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு தப்பையும் முதலாளி சந்தேகமாகத்தான் பார்ப்பார், ஒன்பது வருடத்துக் கரண்ட் பில்லையும் சேர்த்து.

சரி, யாரிடம் ஆரம்பிப்பது? உங்கள் நூற்பாலைகளிடம் வேண்டாம். ஒரே வளாகத்தில் இருக்கும் மில்லின் போன் பில் மொத்தமும் கரண்ட் பில்லின் ஓரத்துக்குக் காணாது. ஊர் ஊராக டிப்போவும் விற்பனை ஆட்களும் வைத்திருக்கும் கம்பெனி ஒன்றைப் பிடியுங்கள்.