நல்ல தண்ணீர்க் குழாயில் உப்புத் தண்ணீர் வருவது ஏன்?

கீழக்கரை நண்பருக்கு,

போர்வெல் மோட்டாரைப் போட்டால் காவிரித் தண்ணீர்க் குழாயிலும் உப்புக் கரிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு இணைப்பையும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டுச் சேர்த்து, நடுவில் கையால் திருப்பி மூடும் பால் வால்வு (ball valve) வைத்திருப்பதுதான் காரணம். வால்வை மூட ஒருநாள் மறந்தால் போதும். தெருக்குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் மோட்டார் உப்புத் தண்ணீரை அதற்குள்ளேயே தள்ளிவிடும். அது பக்கத்து வீட்டுக் குடத்திலும் விழும். தயவுசெய்து இன்றே அந்த இணைப்பைத் துண்டியுங்கள்.

தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு (non-return valve) ஒன்று போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் அப்படித்தான் நம்பியிருந்தோம். கழற்றிப் பார்த்தபோது உள்ளிருந்த தகடு வெள்ளை உப்புப் படிவத்தில் ஒட்டி, பாதி திறந்தபடியே நின்றது. நம் கடற்கரைத் தண்ணீருக்குச் சாதாரண உலோக வால்வு அதிக நாள் தாங்காது. மோட்டாருக்குப் போடுவதானால் பிளாஸ்டிக் உடல் கொண்டதை வாங்குங்கள். மேலே உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும்.

நல்ல தண்ணீருக்குத் தனித் தொட்டிதான் சரி. குழாய் முனை, தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேல் குறைந்தது ஓர் அங்குலமாவது நிற்கட்டும். அப்போது தொட்டித் தண்ணீர் குழாய்க்குள் திரும்பாது; வால்வைப் போல அந்த இடைவெளி துருப்பிடிக்காது, அடைக்காது.

கீசர் இருந்தால் அதன் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறதென்று அடைத்துவிடாதீர்கள். ஒரு திசை வால்வு இருந்தால் சூடாகும்போது விரியும் தண்ணீர் பின்னால் போக முடியாது; அதற்கு அதுதான் வழி.