சிங்கப்பூர் – நியூயார்க்: வானில் எவ்வளவு தூரம்?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், வரைபடத்தில் கோடு போட்டு அளந்தால் ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மிகக் குறுகிய வழி சுமார் 15,300 கி.மீ. தட்டை வரைபடத்தை ஒதுக்கிவிட்டு உலக உருண்டையை எடுங்கள். இரு நகரங்களும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அது வட துருவத்தை ஒட்டியே போகும். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 89 பாகை, அங்கிருந்து நியூயார்க் 49 பாகை, மொத்தம் 138. பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கிப் பாருங்கள், எவ்வளவு அழகாக விடை வருகிறது!

ஆனால் விமானம் எப்போதும் அந்தக் கோட்டில் பறப்பதில்லை. பசிபிக் மேல் கிழக்கு நோக்கி வீசும் உயர்வானக் காற்றைப் பிடிக்க, பெரும்பாலும் 16,000 கி.மீ.க்கு மேல் சுற்றிப் போகிறது. தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும். அப்படியும் பயணம் ஏறத்தாழ 18 மணி நேரம்.